பாண்டி பஜார்ல பிளாட்பாரம் பெருசாச்சு, ரோடு தாண்டுறது எப்போ சுலபமாகும்?

அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு, ஆனா தீபாவளிக்குப் புடவை எடுக்கணும்னா தி.நகருக்கு அவங்களே நேர்ல வந்தாகணும், போன்ல படம் காட்டினா ஒத்துக்க மாட்டாங்க. அதனால பண்டிகைக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு சாயங்காலம் பனகல் பார்க் பக்கம் ஆட்டோவை விட்டு இறங்கி பாண்டி பஜார் வழியா மெதுவா நடந்தோம். பிளாட்பாரத்துல இருக்கிற வரைக்கும் பிரச்சனையே இல்ல, என் கையைக்கூட பிடிக்காம பேசிக்கிட்டே வந்தாங்க, நடுவுல ஒரு பெஞ்ச்ல உக்காந்து தண்ணி குடிச்சாங்க, பசங்க விளையாடுறதை வேடிக்கை பார்த்தாங்க. ஒரு பக்கத்து ரோடு வந்து சேர்ற முனைக்கு வந்ததும் அப்படியே நின்னுட்டாங்க. அங்க பிளாட்பாரம் முடியுது, கீழ இறங்கணும், இறங்குற இடத்துல நாலு டூவீலர் நிக்குது, அதுக்கு நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போற அளவுக்கு சந்து, அதைத் தாண்டினா மெயின் ரோட்டுல இருந்து ஸ்டியரிங்கை ஒரே சுத்தா சுத்தி கார் உள்ள திரும்புது. "இருடா, இவன் போயிடட்டும்"னாங்க. அவன் போனதும் அடுத்தவன். அவனும் போனதும் இன்னொருத்தன். கடைசியா என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இறங்கி அந்தப் பக்கம் ஏற 17 செகண்ட் ஆச்சு, நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே வந்தேன்.

அந்த 17 செகண்டைப் பத்திதான் இந்தக் கட்டுரை. நடக்குறவங்களுக்காகவே பல கோடி செலவு பண்ணி மாத்தின ஒரு தெருவுலயே, வயசானவங்க ஒரு முனையைத் தாண்ட இவ்வளவு பயப்படணும்னா, மிச்சம் என்ன வேலை இருக்குங்கிறதை உக்காந்து பேசித்தான் ஆகணும்.

முதல்ல இந்தத் தெரு எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம். 1920கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு உருவாக்கின பேட்டைதான் தி.நகர், நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டி பேர்ல தியாகராய நகர், நடுவுல இருக்கிற பூங்கா முதலமைச்சரா இருந்த பனகல் ராஜா பேர்ல. பூங்காவுல இருந்து கிளம்பி அண்ணா சாலை வரைக்கும் போற தியாகராயா ரோட்டோட கடைத்தெரு பகுதியைத்தான் நாம பாண்டி பஜார்னு சொல்றோம், பலகையில சௌந்தரபாண்டியனார் அங்காடின்னு இருக்கும், அது நீதிக்கட்சி காலத்துத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பேரு. வீடு கட்டி குடியிருக்கன்னு அகலமான ரோடு, மரம்லாம் வச்சு அளவா போட்ட பேட்டை இது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மொத்தத் தமிழ்நாடே துணியும் நகையும் பாத்திரமும் எடுக்க வர்ற இடமா மாறிடுச்சு. அதே ரோட்டுல கார், பஸ், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, லோடு வண்டி, பிளாட்பாரக் கடை, அதுக்கு நடுவுல பை தூக்கிக்கிட்டு மனுஷங்க.

இதுல ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்துடுறோம். தி.நகர் வர்றவங்க எதுல வந்தாலும் கடைசியில நடந்துதான் கடைக்குள்ள போகணும். மின்சார ரயில்ல மாம்பலத்துல இறங்குறவரும், பஸ் ஸ்டாண்டுல இறங்குறவரும், கார்ல வந்து அதை எங்கேயோ நிறுத்திட்டு வர்றவரும் அந்தத் தெருவுல பாதசாரிதான். அப்படிப் பார்த்தா நடக்குறவங்கதான் இங்க பெரும்பான்மை, ஆனா ரொம்ப வருஷமா ரோட்டோட இடத்தைப் பங்கு போட்டப்ப அவங்களுக்கு மிஞ்சினதைத்தான் குடுத்தோம், வண்டி ஓட எவ்வளவு வேணும்னு முதல்ல எடுத்துக்கிட்டு, அப்புறம் நிறுத்த எவ்வளவு வேணும்னு எடுத்துக்கிட்டு, ஓரத்துல சாக்கடை மூடி மேல மிச்சம் இருந்த இடம் பிளாட்பாரம்.

அதை மாத்தணுங்கிற பேச்சு திடீர்னு வரல. 2013ல பாண்டி பஜார் பிளாட்பார வியாபாரிகளை அவங்களுக்காகக் கட்டின மாடிக் கட்டடத்துக்கு மாத்தினாங்க. 2014ல சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, அதாவது நடக்குறவங்க, சைக்கிள்ல போறவங்களுக்கு முன்னுரிமை, போக்குவரத்துக்கான பட்ஜெட்ல குறைஞ்சது 60 சதவீதம் அவங்களுக்குப் போகணும்னு எழுதி வச்சாங்க, இந்தியாவுல அப்போ அது பெரிய விஷயம். பாண்டி பஜார்ல கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே தடுப்பு வச்சு ட்ரையல் ஓட்டிப் பார்த்தாங்க. அப்புறம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல கிட்டத்தட்ட 40 கோடி செலவுல பிளாட்பாரத்தை அகலமாக்கி, பெடஸ்ட்ரியன் பிளாசா, அதாவது நடக்குறவங்களுக்கான கடைத்தெருன்னு பேர் வச்சு, 2019 நவம்பர்ல அன்னைக்கு முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி திறந்து வச்சார்.

இங்க ஒரு தப்பான எண்ணம் பலருக்கு இருக்கு, பெடஸ்ட்ரியன் பிளாசான்னு பேர் இருக்கிறதால வண்டியே வராதுன்னு நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. டெல்லி சாந்தினி சவுக்கை 2021ல மாத்தினப்ப செங்கோட்டையில இருந்து ஃபதேபுரி மசூதி வரைக்கும் கிட்டத்தட்ட 1.3 கிலோமீட்டருக்குக் காலை 9ல இருந்து ராத்திரி 9 வரை மோட்டார் வண்டியே கூடாதுன்னு வச்சாங்க. பாண்டி பஜார்ல வண்டி ஓடுற இடத்தைக் குறுக்கி, மிச்சத்தை நடக்குறவங்களுக்குக் குடுத்தாங்க, அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற வைத்தியம். வண்டியும் மனுஷனும் சேர்ந்தே இருக்கப் போற தெருன்னா அவங்க சந்திக்கிற ஒவ்வொரு இடத்தையும் யோசிச்சு செதுக்கணும், வண்டியே இல்லாத தெருவுல அந்த வேலை கம்மி. நம்ம சிக்கல் அங்கதான்.

சந்திக்கிற இடத்துல எது உயிரைக் காப்பாத்துது? வேகம். வேற எது பேசினாலும் அதுக்கு அப்புறம்தான். மணிக்கு 30 கிலோமீட்டர்ல வர்ற கார் ஒரு செகண்ட்ல 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல ஓடுது, 50ல வந்தா கிட்டத்தட்ட 14 மீட்டர். எதிர்ல ஆள் வர்றதைப் பார்த்து பிரேக்ல கால் வைக்கவே டிரைவருக்கு ஒரு செகண்ட் ஆகும், அதுக்கு அப்புறம்தான் வண்டி நிக்க ஆரம்பிக்குது, காய்ஞ்ச ரோட்டுல 30ல வர்ற கார் மொத்தமா 13 மீட்டர் போல ஓடி நிக்கும், 50ல வர்றது 28 மீட்டர் ஓடித்தான் நிக்கும். அதாவது ஒருத்தர் 15 மீட்டர் தூரத்துல ரோட்டுல கால் வச்சா, 30ல வர்றவன் அவருக்கு முன்னாடியே நின்னுடுறான், 50ல வர்றவன் கிட்டத்தட்ட அதே வேகத்துலயே அவர் மேல மோதிடுறான். மோதுற அடியும் வேகத்தோட வர்க்கத்துல கூடுது, 30ல இருந்து 50க்குப் போனா அடி ஏறக்குறைய 2.8 மடங்கு. உலக சுகாதார நிறுவனம் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா உயிர் போற விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும்னு சொல்லுது, ஆள் நடமாட்டம் அதிகமா இருக்கிற தெருவுக்கு 30ன்னு அவங்க அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

இது ஏட்டுக் கணக்கு இல்ல. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022ல மட்டும் இந்தியாவுல ரோடு விபத்துல செத்துப்போன பாதசாரிகள் 32,825 பேர். ஒரு நாளைக்கு 90 பேர்னு வருது. 90 பேர்னா ஒரு பஸ் நிறைய ஆளுங்க, தினமும், நடந்து போனதுக்காக.

சரி, வேகத்தை எப்படிக் குறைக்கிறது? போர்டு வச்சா குறையாதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ரோடு அகலமா, நேரா, காலியா இருந்தா கால் தானா ஆக்ஸிலரேட்டரை அழுத்தும், அது டிரைவரோட கெட்ட குணம்னு மட்டும் சொல்ல முடியாது, ரோடு அவனுக்கு அப்படிச் சொல்லுது. ஓடுற பாதையைக் குறுக்கினா வேகம் குறையும், அதே சமயம் தாண்டுற தூரமும் குறையும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. நல்லா நடக்குற ஆள் செகண்டுக்கு 1.2 மீட்டர் போவார்னு வச்சுக்கிட்டா 14 மீட்டர் ரோட்டைத் தாண்ட 12 செகண்ட் வேணும், எங்க அம்மா மாதிரி 0.8 மீட்டர் போறவங்களுக்கு 17, 18 செகண்ட். அதையே 7 மீட்டரா குறைச்சா அம்மாவுக்கு 9 செகண்ட் போதும். நடுவுல டிவைடர்ல நின்னு மூச்சு வாங்க இடம் வச்சா இன்னும் நல்லது, ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் பார்த்தாப் போதும். ஆனா நம்ம ஊர்ல டிவைடர்னா ஒரு அடி அகல கான்கிரீட் சுவர், அது மேல கம்பி, அதுல எந்த மனுஷன் நிக்க முடியும்? வண்டியைப் பிரிக்க மட்டும் யோசிச்சுக் கட்டினது அது. அதுக்குப் பதிலா ரெண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு, வீல்சேரும் குழந்தை தள்ளுவண்டியும் நிக்கிற மாதிரி, தாண்டுற இடத்துல மட்டும் வச்சாலே போதும்.

ஜீப்ரா கோட்டைப் பத்தி. வெள்ளைக் கோடு ஒரு வாக்குறுதி, அவ்வளவுதான், வண்டியை அது நிறுத்தாது. சட்டப்படி சிக்னல் இல்லாத கிராசிங்ல வண்டி நின்னு நடக்குறவங்களுக்கு வழி விடணும், 2017ல வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் விதிகள்ல இது இருக்கு, லைசென்ஸ் வாங்குறப்ப இதை மனசுல ஏத்திக்கிட்டவங்க எத்தனை பேர்னு எனக்குச் சந்தேகம். அதனாலதான் கோடு போடுறதை விட மேடு கட்டுறது மேல்னு நான் உறுதியா நம்புறேன். டேபிள்டாப் கிராசிங்னு சொல்லுவாங்க, பிளாட்பாரம் எந்த உயரமோ அதே உயரத்துக்கு ரோட்டையே தூக்கி, மேல தட்டையா, ரெண்டு பக்கமும் சரிவா கட்டிடுறது. நடக்குறவர் இறங்க வேண்டாம், ஏற வேண்டாம், பிளாட்பாரத்துலயே போற மாதிரி நேரா போயிடலாம், ஏறி இறங்க வேண்டியது வண்டிதான், அதனால அது மெதுவாத்தான் வரும். போலீஸ்காரர் இல்லாத ராத்திரி 11 மணிக்கும் அந்த மேடு அங்கேயே நிக்கும்.

அம்மா நின்ன முனைக்கு வர்றேன். பாண்டி பஜார்ல குறுக்க தணிகாசலம் ரோடு, நாயர் ரோடு மாதிரி பெரிய ரோடும் வருது, சின்னச் சின்ன தெருக்களும் வந்து சேருது. ஒவ்வொரு முனையிலயும் பிளாட்பாரம் அறுந்து போனா, நீங்க எவ்வளவு அகலமா போட்டாலும் அது துண்டு துண்டா கிடக்கிற பிளாட்பாரம்தான். முட்டி வலி இருக்கிறவங்க, கண்ணு தெரியாதவங்க, வீல்சேர்ல வர்றவங்களுக்கு அந்த ஒரு முனைதான் மொத்தத் தெருவோட மதிப்பெண். வீல்சேர்ல வர்றவருக்கு 500 மீட்டர் நல்லா இருந்து ஒரு இடத்துல அரை அடி படி இருந்தா அவருக்கு அந்தத் தெரு மூடின தெரு. சின்ன தெரு வந்து சேர்ற இடத்துல எல்லாம் பிளாட்பாரத்தை அப்படியே தொடர விட்டு, வண்டி அது மேல ஏறி இறங்கிப் போற மாதிரி கட்டணும். முனையோட வளைவையும் சின்னதாக்கணும், பெரிய வளைவா இருந்தா கார் வேகம் குறைக்காம திரும்பும், இறுக்கமான முனைன்னா கிட்டத்தட்ட நின்னுதான் திரும்பணும். இதுக்கெல்லாம் பெரிய செலவு கிடையாது, ஓரக்கல்லை நகர்த்தி வைக்கிற வேலை.

பிளாட்பாரம் எப்படி இருக்கணுங்கிறதுக்கு நம்ம நாட்டுலயே விதிமுறை இருக்கு, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்ட 103ங்கிற நம்பர் கொண்ட வழிகாட்டி. தடையே இல்லாம நடக்கக் குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம், கடைத்தெருன்னா அகலம் இன்னும் கூட, விளிம்பு உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. அடுத்த தடவை உங்க ஏரியாவுல பிளாட்பாரம் பக்கத்துல நின்னு கையால அளந்து பாருங்க. நான் எங்க தெருமுனையில தையல் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன், 31 சென்டிமீட்டர். வீட்டு மாடிப்படி ஒண்ணு அதுல பாதி உயரம்தான் இருக்கும். அவ்வளவு உயரமா போட்டா வண்டி ஏறாதுன்னு நினைச்சுப் போடுறாங்க போல, டூவீலர் சரிவு பார்த்து எப்படியும் ஏறிடுது, ஏற முடியாம போறது வயசானவங்கதான், அதனாலதான் அவங்க ரோட்டுலயே நடக்குறாங்க. "பிளாட்பாரம் இருந்தும் ரோட்டுல நடக்குறாங்க"ன்னு வண்டியில போறவங்க திட்டுறப்ப எனக்கு அந்த 31 சென்டிமீட்டர்தான் ஞாபகம் வருது.

நல்ல பிளாட்பாரம்னா அதுல மூணு பட்டை இருக்கும். கடையை ஒட்டி ஒரு பட்டை, அங்க ஷோகேஸ் பார்க்கிறவங்க நிப்பாங்க, செருப்பு கழட்டுவாங்க. ரோட்டை ஒட்டி ஒரு பட்டை, அங்க மரம், விளக்குக் கம்பம், மின்சாரப் பெட்டி, பெஞ்ச், குப்பைத்தொட்டி எல்லாம். நடுவுல இருக்கிறது நடக்க மட்டும். மூணுல எதை விட்டாலும் அது நடுப்பட்டைக்குள்ள வந்து உக்காரும். கம்பத்துக்கு இடம் ஒதுக்கலன்னா கம்பம் நடுவுல நிக்கும், கடைக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்கு இடம் இல்லன்னா அவங்க வழியை அடைப்பாங்க. பாண்டி பஜார்ல கிடைச்ச அகலத்துக்கு இந்த மூணையும் தாராளமா வைக்க முடிஞ்சுது, அதனாலதான் பெஞ்சும் விளையாட்டுச் சாமானும் வந்தும் நடக்க இடம் மிஞ்சுது.

வியாபாரிகளுக்கும் அங்கதான் இடம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். பிளாட்பாரக் கடையை நடக்குறவங்களோட எதிரின்னு பேசுறது ரொம்ப நாளா நடக்குது. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் பேசினேன். ஆனா பூ விக்கிற அம்மா, ஹேர்க்ளிப் விக்கிற பையன், சூடா கடலை வறுக்கிறவர் இவங்க இருக்கிற வரைக்கும்தான் அந்தத் தெருவுல ராத்திரி 10 மணிக்கு ஒரு பொண்ணு தனியா பயமில்லாம நடக்குது, ஷட்டர் இறக்கின பெரிய கடைகளுக்கு முன்னாடி யாருமே இல்லாத அகலமான கிரானைட் தரையில அந்தத் தைரியம் வராது. 2014ல நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகளுக்குன்னு சட்டமே போட்டுச்சு, ஊர்ல எங்க கடை போடலாம் எங்க கூடாதுன்னு தீர்மானிக்க நகர விற்பனைக் குழு அமைக்கணும், அதுல 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கிற அவங்க பிரதிநிதிகளா இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். எத்தனை கடை, எந்தப் பட்டையில, எவ்வளவு ஆழம்னு கோடு போட்டுக் குடுத்தா ரெண்டு பேரும் பிழைக்கலாம். மாடிக் கட்டடத்துக்கு மாத்துறதுல இருக்கிற சிக்கல் என்னன்னா, போற வழியில கண்ணுல பட்டதும் வாங்குற சாமானுக்காக யாரும் மாடி ஏறி வர மாட்டாங்க, வியாபாரம் விழுந்தா வியாபாரி திரும்பத் தெருவுக்குத்தான் வருவார், இது மனுஷ இயல்பு.

பார்க்கிங். தி.நகர்ல எந்தக் கூட்டத்துலயும் சத்தம் வர்ற இடம் இதுதான். கடைக்காரங்களோட பயம் எனக்குப் புரியுது, வாசல்ல கார் நிக்கலன்னா கஸ்டமர் வர மாட்டான்னு நினைக்கிறாங்க. டென்மார்க்ல கோபன்ஹேகன்ல ஸ்ட்ராயெட்னு ஒரு கடைத்தெருவை 1962ல வண்டிக்கு மூடினப்ப அங்க இருந்த கடைக்காரங்களும் இதையேதான் சொன்னாங்க, இன்னைக்கு உலகத்துலயே பேர் போன நடக்குற கடைத்தெருவுல அது ஒண்ணு. ஒரு கார் நிக்க 12 சதுர மீட்டர் வேணும், அது மூணு மணி நேரம் நின்னா அந்த மூணு மணி நேரமும் ஒரே ஒரு குடும்பம்தான் அந்த இடத்தைப் பயன்படுத்துது. அதே 12 சதுர மீட்டர்ல ஆளுங்க நடந்தா அந்த நேரத்துல ஆயிரக்கணக்குல போயிடுவாங்க, அத்தனை பேரும் ஷோகேஸ் பார்த்துக்கிட்டேதான் போவாங்க. வண்டி கடையைத் தாண்டிப் போயிடும், நடக்குறவங்கதான் கடை முன்னாடி நிப்பாங்க.

கார் வர்றவங்களுக்காகத் தணிகாசலம் ரோடு முனைப்பக்கம் பல அடுக்கு பார்க்கிங் கட்டியிருக்காங்க, 200க்கு மேல காரும் 500க்கு மேல டூவீலரும் நிறுத்தலாம். ஆனா கட்டினா மட்டும் நிரம்பாது. வெளிய தெருவுல சும்மாவோ சில்லறைக்கோ நிறுத்த முடியுதுன்னா எவரும் காசு குடுத்து மேல ஏத்த மாட்டாங்க. தெருவுல நிறுத்துறது விலை அதிகமாவும், கட்டடத்துக்குள்ள நிறுத்துறது விலை கம்மியாவும் இருக்கணும், நம்ம ஊர்ல பல இடத்துல இது தலைகீழா இருக்கு. அதோட டூவீலர்ல வர்றவங்களையும் நினைக்கணும், அவங்கள்ல பாதிப் பேர் அஞ்சு நிமிஷ வேலைக்கு வர்றவங்க, அவங்களுக்குப் பக்கத்து தெரு முனைகள்ல சின்னச் சின்ன ஸ்டாண்ட் கட்டாயம் வேணும், இல்லன்னா வண்டி பிளாட்பாரத்துலதான் ஏறும். ஏறாம இருக்க குட்டைத் தூண் நட்டு வைக்கிறாங்க, அது சரிதான், ஆனா ரெண்டு தூணுக்கும் நடுவுல வீல்சேர் போக குறைஞ்சது 90 சென்டிமீட்டர் விடணும், அதுக்குள்ள டூவீலரும் நுழையும். அதனாலதான் சொல்றேன், தூண் பாதி வேலைதான் பார்க்கும், மிச்சப் பாதிக்குக் கண்காணிப்பும் அபராதமும் தினமும் வேணும்.

நடக்குறவங்களை மேல ஏத்தி விடுறது சரியான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். பொதுவா நான் அதுக்கு எதிர்க்கட்சி. பாலம்னு கட்டினா ரெண்டு மாடி ஏறி இறங்கணும், வண்டிக்காரர் உக்காந்த இடத்துலயே நேரா போவார், நடக்குறவர் படி ஏறணுமா, அதனாலதான் ஆளுங்க பாலத்துக்குக் கீழயே ஓடித் தாண்டுறாங்க. ஆனா மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023 மே மாசம் திறந்த ஆகாய நடைபாதை வேற கதை. 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், லிஃப்டும் எஸ்கலேட்டரும் இருக்கு. ரயில்ல இறங்கி வெளிய போறவங்க பெரும்பாலும் ஸ்டேஷன் பாலம் ஏறித்தான் ஆகணும், ஏறினவங்க அதே உயரத்துல நடந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கிடலாம், புதுசா ஒரு ஏத்தம் கிடையாது. ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள்ள மூட்டை முடிச்சோட மாட்டாம பஸ் பிடிக்க ஓடுறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. அதையே உதாரணமா காட்டி எல்லா ஜங்ஷன்லயும் பாலம் கட்டுறேன்னு கிளம்பினா மட்டும் தப்பாயிடும், தரையில போறவங்களுக்குத் தரையிலதான் வழி விடணும்.

வெயிலைப் பத்திப் பேசாம சென்னையில நடக்குறதைப் பத்திப் பேச முடியாது. மே மாசம் மத்தியானம் கிரானைட் தரை தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும், நிழல் இல்லாத பிளாட்பாரம் பத்து மீட்டர் அகலமா இருந்தாலும் ஆளு அதுல போக மாட்டாங்க, எதிர்ப்பக்கம் கடை நிழல்ல ஒதுங்கி ஒதுங்கித்தான் போவாங்க. அதனால மரம் அலங்காரம் இல்ல, அதுதான் கூரை. மரத்தடியில மண்ணு மூச்சு விட இடம் விடணும், அடி வரைக்கும் சிமெண்ட் பூசி வச்சா மரமும் சாகும், மழைத்தண்ணியும் இறங்காது. மழைத்தண்ணி இந்த ஏரியாவுக்குச் சின்ன விஷயம் கிடையாது, ஏரி இருந்த இடம், மாம்பலம் கால்வாய் வழியாத்தான் தண்ணி அடையாறுக்குப் போகணும், 2021 நவம்பர் மழையில தி.நகர் தெருக்கள்ல தண்ணி தேங்கி நின்னதும், ஸ்மார்ட் சிட்டி வேலை எப்படி நடந்துச்சுன்னு கேள்வி கிளம்பினதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். முட்டி அளவு தண்ணியில பிளாட்பாரம் எது, திறந்த மூடி எதுன்னு தெரியாம நடக்குறதை விட ஆபத்தான நடை வேற இல்ல. அதனால பிளாட்பாரம் போடுற எஞ்சினியரும் வடிகால் போடுற எஞ்சினியரும் ஒரே வரைபடத்தை வச்சுக்கிட்டு வேலை பார்க்கணும்.

கழிப்பறையையும் சொல்லிடுறேன், ஏன்னா யாரும் சொல்றதில்ல. கடைத்தெருவுல நாலு மணி நேரம் சுத்துற பொம்பளைங்க தண்ணியே குடிக்காம சுத்துறாங்க. சுத்தமான, விளக்கு எரியுற, பூட்டிக் கிடக்காத கழிப்பறை 300 மீட்டருக்கு ஒண்ணு இருந்தா அந்தத் தெருவோட முகமே மாறிடும். பெஞ்ச் வைக்கிறதும் அப்படித்தான், அம்மாவுக்கு அந்த ஒரு பெஞ்ச் இல்லன்னா நாங்க பாதியில திரும்பியிருப்போம்.

2019ல திறந்தப்ப இருந்த பாண்டி பஜாருக்கும் இப்போ இருக்கிறதுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது. பெயர்ந்த கல்லு, சாய்ஞ்ச தூண், பிளாட்பாரத்துல ஏறி நிக்கிற வண்டி, கண்ணு தெரியாதவங்களுக்காகப் போட்ட மஞ்சள் வரி ஓடு மேல வச்ச போர்டு. அந்த மஞ்சள் ஓடு ஒருத்தருக்குக் கண்ணு மாதிரி, கைக்கோலால தடவிக்கிட்டே அதை நம்பி வர்றார், அது நேரா கொண்டு போய் ஒரு தள்ளுவண்டியில முட்ட வச்சா அவர் மறுபடி அந்தத் தெருவுக்கு வருவாரா? ஒருதரம் 40 கோடிக்குக் கட்டுறதுக்குப் பணம் கிடைக்குது, வருஷா வருஷம் பராமரிக்க ஒரு சின்ன தொகையும், அதுக்குன்னே ஒரு ஆளும் ஒதுக்குறது கஷ்டமா இருக்கு. தெருவுக்குன்னே ஒரு அதிகாரி, அவர் வாரத்துல ஒருநாள் முழு நீளமும் நடந்து பார்த்து என்ன உடைஞ்சிருக்குன்னு எழுதணும், முடிஞ்சா வீல்சேர்ல வர்ற ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே பிளாட்பாரத்துல பாதுகாப்பா நடக்குறது அரசியல் சாசனத்தோட 21வது பிரிவு குடுக்கிற வாழ்வுரிமைல சேர்ந்ததுன்னு சொல்லி, மாநிலங்கள் இதுக்கான வழிமுறையை வகுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. உரிமைன்னு சொன்ன பிறகு கல்லு பெயர்ந்து கிடக்குறதைச் சின்ன விஷயம்னு விட முடியாது.

இப்போ அவசரம் ஒண்ணு இருக்கு. மெட்ரோ இரண்டாம் கட்டத்துல கலங்கரை விளக்கத்துல இருந்து பூந்தமல்லி போற நாலாவது வழித்தடத்துல பனகல் பார்க்ல ஒரு சுரங்க ஸ்டேஷன் வருது. ரயில் ஓட ஆரம்பிச்சதும் சில நிமிஷத்துக்கு ஒருதரம் நூத்துக்கணக்குல ஆளுங்க பூமிக்கு அடியில இருந்து மேல வருவாங்க, அத்தனை பேரும் பாதசாரி, அதுல பாதிப் பேர் கையில பை, இடுப்புல குழந்தை. பனகல் பார்க்கைச் சுத்தி எத்தனை ரோடு வந்து சேருதுன்னு அங்க போனவங்களுக்குத் தெரியும், சிக்னலுக்கு நிக்காம இடது பக்கம் திரும்புற ஃப்ரீ லெஃப்ட் வேற, எந்தப் பக்கம் பார்த்து இறங்குறதுன்னே புரியாது. ஸ்டேஷன் வாசல்ல இருந்து பாண்டி பஜார் பிளாட்பாரத்துக்கும், உஸ்மான் ரோட்டுக்கும், வெங்கட்நாராயணா ரோட்டுக்கும் மேட்டு கிராசிங்கும், நடுவுல நிக்கத் திட்டும், வயசானவங்க வேகத்துக்குக் கணக்குப் போட்ட சிக்னலும் ஸ்டேஷன் வேலையோட சேர்த்தே போட்டுடணும், திறந்த பிறகு தோண்டுறதுன்னா இன்னும் பத்து வருஷம் ஆகும்.

அன்னைக்குத் திரும்பி வர்றப்ப அம்மா அதே முனைக்கு வந்ததும் நிக்காம வலது பக்கம் திரும்பி, பக்கத்து தெருவுக்குள்ளயே நாப்பது அடி நடந்து, ஒரு மளிகைக்கடை முன்னாடி ஸ்பீட் பிரேக்கர் போட்டிருக்கிற இடத்துல தாண்டி, அந்தப் பக்கமா திரும்பி மெயின் ரோட்டுக்கு வந்தாங்க. ஏன்மா சுத்துறீங்கன்னு கேட்டேன். "இங்கதாண்டா எல்லாரும் மெதுவா வர்றாங்க"ன்னாங்க.